வெறுங்கைக்கு ஆறடி

“எல்லாரும் துப்பாக்கியைக் கீழ வைங்க,” என்றாள் செவ்வந்தி.

சமுதாயக் கூடத்தில் துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அலையாத்தி நகரில் துப்பாக்கி துடைப்பு. எட்டு பிளாக்கிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்து பாயில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியால் குழலைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுகூட அங்கேதான் முடிவாகும். அந்தக் கூடத்தில் எதையும் பேசலாம். ‘கீழே வை’ என்பதை மட்டும் பேசக்கூடாது. காலையில் கிளம்பும்போதுகூட செவ்வந்தியின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வேற இன்னா வேணா கேளு, அத மட்டும் கேக்காத” என்று கெஞ்சினாள்.

காரணம் இருந்தது. இவர்களுடைய முன்னோர் பெரிய தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். அந்தக் கைக்குத்தான் அரசாங்கம் மக்கள் காவல் சட்டம் போட்டு வீட்டுக்கொரு துப்பாக்கி கொடுத்தது. மேளம் வைத்து வாங்கி வந்தார்கள். செவ்வந்தியின் அப்பா ஏழுமலை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோ வீட்டில் தொங்குகிறது. கல்யாணப் போட்டோ அதைவிடச் சின்னது.

நாளைக் காலை ராணுவத்தின் ஈசல் வருகிறது. ஈசல் என்பது கைக்குழந்தை அளவுள்ள ட்ரோன்களின் கூட்டம். தானே பார்க்கும், தானே முடிவெடுக்கும், தானே சுடும். ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் வேண்டுமாம். காலி செய்யக் கொடுத்த கெடு இன்றோடு தீர்ந்தது. ஊருக்குள் நுழையும் பாலத்தில் நின்று மறிப்பது என்று ஊர் தீர்மானித்திருந்தது. முதல் வரிசைக்கு முதலில் பெயர் கொடுத்தவர் ஏழுமலை.

“இன்னாம்மா, காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார் டில்லிபாபு. பாலத்துக்குப் போகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். “இருக்கிற டென்ஷனுக்கு ஒரு ஜோக்கு வேணும்தான்.”

சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் தலையைத் தூக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காலேஜ்ல சொல்லித் தரல. வேலைல கத்துக்கிட்டேன். நான் பார்க்கிற வேலை என்னன்னு தெரியுமாண்ணே?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ கையப் பாக்குற வேலை. கைரேகை ஜோசியம் மாதிரி.”

“கிட்டத்தட்ட அதேதான். யாருக்கு ஆயுசு எவ்வளவுன்னு சொல்ற வேலை.”

கைக்குறி வேலை என்று அதற்குப் பெயர். திரையில் ஒரு கை வரும். வெறுங்கையா, கருவியா, ஆயுதமா என்று பார்த்துத் தட்ட வேண்டும். குடை, கருவி. பால் புட்டி, கருவி. அரிவாள், ஆயுதம். மூடிய கை சந்தேகமாக இருந்தால் ஆயுதம் என்றே தட்டச் சொல்லியிருந்தார்கள். அலையாத்தி நகரில் பட்டம் வாங்கின பெண்கள் பாதிப் பேருக்கு அந்த வேலைதான். யாருக்காக என்று கம்பெனி சொன்னதில்லை. ஆயுதம் என்று தட்டினால் மட்டும் இன்னொரு கேள்வி வரும்: ‘இவருக்கு ஆறடிக்குள் வெறுங்கை ஆள் உண்டா?’ உண்டு என்றால் படத்தின் ஓரம் பச்சையாகும். அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று வெகுநாள் அவளுக்குப் புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

“வெறுங்கை விதின்னு எட்டாங்கிளாஸ் பாடத்துல வந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றாள். “தானா சுடுற மெஷின் எதுவும் வெறுங்கையா இருக்கிற ஆளைச் சுடக்கூடாது. எல்லா நாடும் கையெழுத்துப் போட்ட விதி. அதை எழுதியேதான் மெஷினைச் செய்யணும். அந்த விதி வந்த அடுத்த வருஷம் நமக்குத் துப்பாக்கி வந்துச்சு. ரெண்டையும் சேர்த்து யாராச்சும் யோசிச்சீங்களா? இது நமக்குக் குடுத்த காவல் இல்ல. நம்மளச் சுட அவங்களுக்கு அவங்களே குடுத்துக்கிட்ட அனுமதி.”

தட்டிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

“வசந்தன் எப்படிச் செத்தான்?” என்றாள்.

ஏழுமலையின் கைத்துணி நின்றது. வசந்தன் அவளுடைய அண்ணன். போன வருடம் ஆயுத பூஜைக்கு ஊர்த் துப்பாக்கிகளை இதே கூடத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்திருந்தார்கள். மறுநாள் வரை யாரும் எடுக்கக்கூடாது என்பது முறை. நிலம் அளக்க வந்த ஈசல் அன்றைக்குத் தலையில் இடிக்கிற உயரத்தில் பறந்தது. பிள்ளைகள் பொரியை வீசி அதை அடித்தார்கள். அது யாரையும் தொடவில்லை. துறைமுகத்தில் ஷிப்ட் முடித்துத் தாமதமாக வந்த வசந்தன் மட்டும், வீட்டிலேயே தங்கிவிட்ட தங்கள் துப்பாக்கியையும் பூஜையில் சேர்த்துவிடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். கூடத்து வாசலைத் தொடவில்லை.

அதிலிருந்து ஊர் ஒரு பாடம் படித்தது. துப்பாக்கியெல்லாம் பூஜையில் இருந்ததால்தான் தனியாக வந்தவனை அடித்துவிட்டது. அத்தனை பேர் கையிலும் இருந்திருந்தால் நெருங்கியிருக்காது. இந்த வருடம் ஆயுத பூஜையையே நிறுத்திவிட்டார்கள்.

“வெறுங்கையா இருந்த நீங்க எல்லாரும் பொழைச்சீங்க. வச்சிருந்த ஒருத்தன் செத்தான். இதுக்கு நீங்க எடுத்த முடிவு, எல்லாரும் வச்சுக்கிறதா?”

டில்லிபாபு இப்போது சிரிக்கவில்லை. “கேளும்மா. ஈசல் ஊரை எரிக்கும். ஊரைப் பிடிச்சு வச்சுக்காது. பிடிச்சு வைக்க மனுசன் இறங்கணும். இறங்குறவன் தூங்கணும், பேளப் போவணும். அப்ப நம்ம ஆளு சந்துல நிப்பான். உலகத்துல எந்தப் பட்டாளமும் இதுக்கு வழி கண்டுபிடிக்கல.”

“ஆள வர்றவனுக்குத்தாண்ணே அது. இவனுக்கு ஆள ஆளே வேணாம். காலி மண்ணு போதும். நீ செத்துக் கிடந்தா அவன் சந்துல இறங்கவே வேணாம், மேல தார் ஊத்திட்டுப் போயிடுவான்.”

“வெறுங்கையா நின்னா விட்டுடுவானா? அள்ளி லாரில போடுவான்.”

“ஈசலுக்குத் தூக்கக் கை இல்ல. இத்தனை பேரை அள்ள மனுசன்தான் வரணும். நீ சொன்ன அதே தூங்குற, பேளுற மனுசன். அவன் மூஞ்சியப் பார்த்துப் பேசலாம், திட்டலாம், காறித் துப்பலாம். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா.”

“நல்லாத்தான் பேசுற,” என்றார் டில்லிபாபு. “ஒண்ணு சொல்லு. துப்பாக்கியக் கீழ வச்ச ஊர் எதாச்சும் நல்லா இருக்குதா? பேரு சொல்லு, இப்பவே வைக்கிறேன்.”

செவ்வந்தியிடம் பேர் இல்லை. அப்படி ஓர் ஊர் இருந்தாலும் அதைப் பற்றி யாரும் செய்தி போட்டிருக்க மாட்டார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“நீயாவது வைப்பா.”

ஏழுமலை துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டார், பிள்ளையைக் கிடத்துவது போல. “நீ படிச்ச பொண்ணு, சொல்றது சரியாவும் இருக்கும். இது அவன் கையில இருந்தது. கீழ வச்சா எம்புள்ள சும்மா செத்தான்னு ஆயிடும். அத எங்கிட்டக் கேக்காத.”

தன் வாதம் தோற்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஜெயித்தும் ஒரு ஆளைக்கூட நகர்த்தவில்லை என்பதும் தெரிந்தது. செத்தவன் பிடித்திருந்ததை எந்த விதியைக் காட்டிப் பிடுங்குவது?

“சரிப்பா. நாளைக்கு நீ பாலத்துல எந்தப் பக்கம் நிக்கிற?”

“வடக்கு முனை. எதுக்கு?”

“சும்மாதான்.”

ஆறடி. படத்தின் ஓரத்தை அவளே பச்சையாக்கியிருக்கிறாள், ஆயிரம் முறை. பக்கத்தில் வெறுங்கை நின்றால் ஆயுதக்காரனைச் சுடாது. சுட்டால் வெறுங்கை ஆளுக்கும் படும், விதியை மீறியதாகும். அவரால் கீழே வைக்க முடியாதென்றால் அவருக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கை வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். சொல்லப்போவதில்லை. விடியும்போது போய் அவர் தோளை உரசிக்கொண்டு நிற்கப்போகிறாள்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. எது வெறுங்கை என்று அந்த ஈசலுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவளும் பக்கத்து பிளாக் பெண்களும். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. கண் எரிய எரிய, அவசரத்தில், பார்த்தும் பார்க்காமலும் தட்டிய கைகள் எத்தனையோ. அதில் ஒன்று நாளை அவளுடைய கையாக இருக்கலாம்.

செல்போனைப் பாயில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வைத்தாள். வளையலைக் கழற்றி அதன் மேல் போட்டாள். கடைசியாக வீட்டுச் சாவி. உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

“எம்மா, சாவிய விட்டுட்டுப் போற பாரு,” என்று டில்லிபாபு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

செவ்வந்தி திரும்பவில்லை. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு, அப்படியே நடந்து பழகியபடி வாசலைத் தாண்டினாள்.