அந்தப் பக்கத்து அளவு

மூன்றாவது முறையும் சக்கரம் இடது பக்கமே விலகி நின்றது.

காலையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வைத்துத்தான் நட்டை முறுக்கியிருந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நேர் பார்க்கக் கட்டியிருந்த நூலை விட்டு டயர் நான்கு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. யாரும் தொடவில்லை. தொடுவதற்கு அந்தத் தகரக் கொட்டகையில் மெக்கானிக்கையும் அவன் மச்சினனையும் விட்டால் ஆளே இல்லை.

பின்பக்கம் ஷாக் அப்சார்பரே இல்லாத மோட்டார் சைக்கிள் சட்டம் அது. சக்கரத்தின் அச்சு நேராகச் சட்டத்தின் பிளவுகளில் போய் உட்காரும். சீட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் குத்தி வைத்த புள்ளியிலிருந்து அச்சு வரைக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மூன்று மாதமாகக் குழாய் குழாயாக வளைத்து, பற்றவைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டிய மெக்கானிக்கை இந்த ஒரு சக்கரம் மூன்று நாளாக அலைக்கழித்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு வண்டிக்காரர் வருகிறார். இன்றைக்கும் ஆகவில்லையென்றால் இருக்கிற நிலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாக நேற்றே போனில் சொல்லிவிட்டார்.

"மாமா, அச்சுல மாட்டற ஸ்பேசர் வளையம்தான் தடிமன். பட்டறையில மெலிசா வேற கடைஞ்சா சரியாயிடும்" என்றான் மச்சினன், வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்தபடி.

"மூணு நாளா இதையே சொல்லு. உங்க அக்காவும் இப்படித்தான், பிடிச்ச பிடியை விடமாட்டா."

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய்க் குந்தினான். வண்டி முழங்கால் உயர இரும்பு மேசையில் நின்றது. கம்பிகளே இல்லாத தகட்டுச் சக்கரம், மேலே அகலமான மட்கார்டு. இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் தெரியமாட்டான். ஆளுக்கொரு டேப், ஆளுக்கொரு பக்கம், அளவைக் கத்திச் சொல்லிக்கொள்வது. அப்படித்தான் வேலை ஓடியது.

மட்கார்டைச் சட்டத்தில் மாட்டும் காதைக் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது. மெக்கானிக் கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் என்னவோ சொன்னான். காதில் சரியாக விழவில்லை. "ம்" என்றான்.

கிரைண்டரை நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரத்தில் சரளைக்கல்லைக் கொட்டுவது போன்ற இரைச்சல். கருகிய பெயின்ட்டும் செயின் எண்ணெயும் கலந்த வாடையோடு வாசல் வழியே ஈரமண்ணின் குளிர்ச்சியும் சேர்ந்துகொண்டது; பகல் மூன்று மணியிலேயே கொட்டகை மூலைகளில் சாம்பல் நிற இருட்டு படிந்துவிட்டிருந்தது. அவன் மேசை ஓரமாகத் தரையில் மல்லாந்து படுத்து, கையை உயர்த்தி டேப்பை அச்சில் வைத்தான்.

"இங்க நானூத்திப் பன்னெண்டு. அங்க எவ்வளவு?"

மழையினூடே குரல் வந்தது. "நானூத்தி எட்டு."

அச்சை நகர்த்தும் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினான். "இப்போ?"

"நானூத்தி நாலு."

"அதெப்படிடா குறையும்? டேப்பை ஒழுங்காப் பிடி!"

மச்சினன் கோபித்துக்கொண்டான் போல. கோபித்துக்கொள்ளட்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கால் சுற்று இறுக்கினான், கேட்டான். விட்டான், கேட்டான். எப்படித் திருப்பினாலும் அந்தப் பக்கத்து எண் இறங்கிக்கொண்டே போனது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. "என்னைப் பைத்தியமாக்கவா அங்க உக்காந்திருக்க?" என்று கத்தினான்.

"முந்நூத்தித் தொண்ணூறு."

நிதானமான குரல். எரிச்சலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வண்டிக்காரராகத்தான் இருக்கும் என்று எடுத்தான்.

"மாமா, கடைசல் பட்டறையில கரண்ட் இல்ல. அரை மணி நேரமா உக்காந்திருக்கேன். ஸ்பேசர் ஆகறதுக்கு இன்னும் நேரமாகும். வண்டிக்காரர் வந்தா கொஞ்சம் சமாளிங்க."

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "விளையாடாத. இங்கதானே இருக்க?"

"என்ன மாமா, சொல்லிட்டுத்தானே வந்தேன்? நீங்க கிரைண்டர் ஓட்டிட்டு இருந்தீங்க. ம்னு சொன்னீங்களே."

பின்னால் பட்டறை ஆட்களின் பேச்சு கேட்டது. யாரோ இருமினார்கள். அங்கே மழை இல்லை.

அந்தக் குரல் ஒருமுறைகூடத் தன்னை மாமா என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"முந்நூத்தி அறுபது" என்றது அந்தப் பக்கம்.

இந்த முறை அவன் அளவு கேட்கவில்லை. ஸ்பேனர் மார்பின் மேல் கிடந்தது. போல்ட்டை யாரும் திருப்பவில்லை.

"யாரு மாமா அங்க நம்பர் சொல்றது?" என்றான் மச்சினன்.

அவன் வாயைத் திறந்தான். போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எழுந்திருக்க வேண்டும். முழங்கையை ஊன்றினான், தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் சறுக்கியது. வாசல் பத்தடியில்தான். வெளியே வெள்ளை வெளேரென்று மழை.

சர்ர்ர். டேப் நீளும் சத்தம்.

"இருநூத்தி நாப்பது."

டயருக்குக் கீழே, மேசைப் பரப்பில், ஒரு டேப்பின் மஞ்சள் தகட்டு நுனி எட்டிப் பார்த்தது. அவனுடைய டேப் அவன் கையில் இருந்தது. இது அது இல்லை. அச்சுப் பக்கம் அது போகவில்லை. மேசை விளிம்புக்கு வந்தது. நின்றது. தயங்குவது போல. பிறகு மெல்ல வளைந்து, கீழே, அவன் இருந்த பக்கமாக இறங்கியது.

"நூத்திப் பத்து."

"மாமா? மாமா!" போன் தரையில் கிடந்து கத்தியது.

"நாப்பது."

கண்ணை மூட முடியவில்லை. துருவின் வாடை. ஈர இரும்பின் வாடை.

"ஆறு."

தகட்டு நுனியின் கொக்கி அவன் வலது கண்ணின் கீழ் இமையில் வந்து படிந்தது. ஜில்லென்று. மெதுவாக. பிடிமானம் பார்த்து, எலும்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. சக்கரத்துக்கு அந்தப் பக்கம், யாரோ டேப்பை இழுத்து விறைப்பாக்கினார்கள்.