கறுப்பாய் ஒரு கிறுக்கல், சிவப்பாய் ஒரு துளி!

அந்த அலறல் தெருமுனை வரை கேட்டது.

அலறியவள் ஓவியனின் மனைவி. மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியவள் மாடி அறைக் கதவைத் தள்ளினாள். முதலில் தெரிந்தது புருஷனின் பாதங்கள். பிறகுதான் ரத்தம்...

பட்டப்பகல். பிடரியில் ஒரே அடி! பேப்பர் சுருண்டுகொள்ளாமல் இருக்க மேலே வைக்கும் பழைய இஸ்திரிப்பெட்டி பக்கத்திலேயே உருண்டு கிடந்தது.

பிணத்தை ஒட்டி ஒரு பெரிய தாள் குப்புறக் கிடந்தது. வந்து சேர்ந்த கான்ஸ்டபிள் அதை மெதுவாகத் திருப்பினார்.

கறுப்பு!

கரித்துண்டால் இழுத்த கோடுகள்... வளைவுகள்... நடுவே ஒரு பெரிய கறுப்புத் திட்டு. ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புத் துளி. அந்தச் சிவப்பை யாரும் வரையவில்லை.

மறுநாள் காலை.

அதே வீடு. கீழே ஹாலில் மூன்று பேரை உட்கார வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். ஒன்று, செத்தவனின் மனைவி. இரண்டு, அவனுடைய தம்பி, வண்டி ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவன். மூன்று, அவனுடைய ஓவியங்களை விற்றுத் தரும் கேலரிக்காரர். தங்க ஃப்ரேம் கண்ணாடி, கழுத்தில் சில்க் துண்டு, முகத்தில் எந்நேரமும் யாரோ பக்கத்தில் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சுளிப்பு.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் வீடு தீப்பிடித்திருக்கும்.

ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் முழித்தார். "சார், இதுல எது மேல்பக்கம்?"

"எதையாவது ஒண்ணை மேல வைய்யா."

கான்ஸ்டபிள் ஜன்னல் கம்பியில் துணி க்ளிப் போட்டு மாட்டினார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஓவியன் வரைந்துகொண்டிருக்கும்போது கொலையாளி உள்ளே வந்திருக்கிறான், அல்லது வந்திருக்கிறாள். ஓவியன் கண்ணில் கடைசியாய்ப் பட்டது காகிதத்தில் இறங்கியிருக்கும். ஆகவே, கொலையாளி இந்தக் கறுப்புக்குள்தான் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும்!

அந்தக் கணக்கின் விடையையும் அவர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் தினம் கத்திக்கொள்வார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். இஸ்திரிப்பெட்டியில் இருந்த கைரேகையும் அவளுடையதுதான். வேனில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. இந்தப் படம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது. பயந்துபோயிருந்தாள்.

அவளிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னால் மாட்டுவாள். சொல்லாவிட்டாலும் மாட்டுவாள். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல உனக்கு என்னய்யா தெரியுது?" இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது கான்ஸ்டபிளை.

கான்ஸ்டபிள் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கோழி சார்."

"கோழியா?"

"கழுத்தைத் திருகின கோழி."

இன்ஸ்பெக்டர் முறைத்த முறைப்பில் கான்ஸ்டபிள் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

அடுத்தது கேலரிக்காரர். நாலடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடினார். பிறகு பேச ஆரம்பித்தார்... மூடாத கதவு என்றார். மௌனத்தின் எடை என்றார். தன்னையே தின்னும் வெளி என்றார். புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டர் குறுக்கே விழுந்ததும், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அவளை நேராகப் பார்த்தார்.

"ஒரு பொம்பளை. கையை ஓங்கிக்கிட்டு நிக்கறா. கீழ ஒரு ஆள் குனிஞ்சிருக்கான்."



இன்ஸ்பெக்டரின் மீசை லேசாய் மேலே ஏறியது. இதற்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார்.

"நேத்து வரைக்கும் அவர் படம் எல்லாத்துலயும் உங்களுக்கு தனிமைதானே தெரிஞ்சுது?" என்றாள் அவள். "இன்னிக்கு மட்டும் பொம்பளை தெரியறாளா?"

கேலரிக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "உங்களுக்கு ஓவியம் தெரியாது மேடம். வந்தவங்களுக்கு காபி கொடுக்கத் தெரியும். அந்தக் காபியும் சுமார்தான்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? தொண்டை வரை வந்ததை விழுங்கினாள்.

மிச்சம் இருந்தது கொழுந்தன். நகக்கண்ணில் கிரீஸ், கண்ணில் வெறுப்பு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவளைக் கண்டாலே ஆகாது அவனுக்கு. அவளுக்கும் அப்படியே.

தனக்கு இந்தக் கண்றாவி எதுவும் புரியாது என்றுதான் ஆரம்பித்தான். அண்ணனின் மாடி அறைப் பக்கமே தான் எட்டிப் பார்த்ததில்லை என்றான். நேற்று முழுக்கப் பட்டறையில் இருந்ததாகவும், போன் வந்ததும் நேராக மார்ச்சுவரிக்கு ஓடியதாகவும் சொன்னான். இந்தக் கிறுக்கலை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறானாம்.

"பொம்பளை தெரியறாளா, இல்லையா?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"தெரியாம என்ன சார்? அண்ணனைக் கொன்னவளை அண்ணனே வரைஞ்சு வெச்சிட்டுப் போயிருக்கான்." விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போனான். "நீங்க தலைகீழா மாட்டியிருக்கீங்க. நேரா வெச்சுப் பாருங்க, இன்னும் நல்லா தெரிவா."

க்ளிப்பை எடுத்தான். தாளைத் திருப்பினான். மறுபடி மாட்டினான்.

"ஆமா... ஆமா..." கேலரிக்காரர் தலையை ஆட்டினார். "இப்ப கை இன்னும் ஆவேசமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "கிளம்புங்கம்மா."

அவள் கிளம்பவில்லை.

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் இருந்த பயம் வற்றிப்போயிருந்தது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாய் ஆளாளுக்குத் துப்பியதெல்லாம் சேர்ந்த கோபம்.

"தம்பி," என்றாள் மெதுவாக. "அதுதான் நேருன்னு உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? பார்த்தாலே தெரியுது."

"சாருக்குத் தெரியல. அதையே தொழிலா வெச்சிருக்கிற இந்தப் பெரியவருக்கும் தெரியல. படத்துல கையெழுத்துகூட கிடையாது. முதல் தடவை பாக்கற உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"ஏதோ குத்துமதிப்பா திருப்பினேன். அதுக்கு என்ன இப்போ?"

"ஒரு நிமிஷம்." இன்ஸ்பெக்டரின் விரல் அவள் பக்கம் திரும்பியது. "அவர் திருப்பினதுதான் சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் இதை முன்னாடி பார்த்ததே இல்லைன்னுதானே நேத்து சொன்னீங்க?"

மாட்டிக்கொண்டாள்!

கொழுந்தன் உதட்டோரமாய்ச் சிரித்தான். கேலரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள்.

"பொய் சொன்னேன் சார். பார்த்தேன்." ஒரு கணம் நிறுத்தினாள். "வரைஞ்சதே நான்தான்."

கேலரிக்காரர் கெக்கலி கொட்டிச் சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே. கொழுந்தன் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

அவள் கொட்டித் தீர்த்தாள். புருஷனுக்குக் கை நடுங்க ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஆகிறது. ஸ்பூன் பிடித்தால் தரையெல்லாம் சிதறும். முதலில் அவன் விட்ட கோட்டை முடித்துக் கொடுத்தாள். அப்புறம் பாதிப் படம். அப்புறம் முழுப் படம். கடைசியில் அவன் கையெழுத்தையும் அவளே போட்டாள். வந்தவர்கள் அவனைப் புகழ்ந்தார்கள், அவள் காபி ஆற்றினாள். தன் பெயரை ஒரு படத்திலாவது போடச் சொல்லித்தான் தினமும் சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டது அந்தச் சண்டைதான்.

"புருஷனைக் கொல்றதுக்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு எடுத்துக் கொடுக்கறீங்க."

"அது தெரிஞ்சுதான் சார் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல."

"பச்சைப் பொய்," கேலரிக்காரர் எகிறினார். "அந்தக் கோடு ஒரு பொம்பளை கையில வராது."

அவள் எழுந்தாள். அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். நேற்றைய செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு!

கேலரிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு, சோபா எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்து, தரையில் விழுந்தார்.

போன கண்காட்சிப் புத்தகத்தில் அந்தக் கோட்டைப் பற்றித்தான் 'ஆண்மையின் கம்பீரம்' என்று பக்கம் பக்கமாய் எழுதியிருந்தார் அவர்.

"நேத்து மத்தியானம் இதைப் பலகையில வெச்சு, மேல ரெண்டு இரும்பு க்ளிப் போட்டு வரைஞ்சேன் சார்," அவள் எழுந்து நின்றாள். "அப்படியே விட்டுட்டு அவருக்கு மாத்திரை வாங்கப் போனேன். திரும்பி வந்தப்போ அது தரையில குப்புறக் கிடந்தது. அதுக்கப்புறம் உங்க கையில. நடுவுல பலகையைப் பார்த்தவங்க ரெண்டு பேர்தான் இருக்க முடியும். ஒருத்தர் செத்துட்டார்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் போனார். தாளின் ஓரத்தை விரலால் தடவினார். துணி க்ளிப் படாத இடத்தில், அகலமாய், அழுத்தமாய் இரண்டு தடம்.

இரண்டும் மேல் ஓரத்தில்! கொழுந்தன் திருப்பி மாட்டியதால் இப்போது மேலே வந்திருக்கும் ஓரத்தில்!

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார். அவர் போட்டு வைத்திருந்த கணக்கு தப்பு. அதில் அவருக்கு வெட்கமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இரண்டையும் இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

"பட்டறையிலேர்ந்து நேரா மார்ச்சுவரிக்குப் போனவரே... கொஞ்சம் இப்படி வாங்க."

கொழுந்தன் வாசலுக்குப் பாய்ந்தான். கதவோரம் நின்ற கான்ஸ்டபிள் காலை நீட்டினார். தடாலென்று விழுந்தவனின் முதுகில் ஏறி உட்கார்ந்து, கையைப் பின்னால் முறுக்கினார்.

"அண்ணன்தான் சார் என்னை மாட்டிவிடப் பார்த்தான்!" கொழுந்தன் தரையில் கிடந்தபடியே கத்தினான். "சத்தியம் பண்ணிட்டு மீறினது அவன்தான்!"

கத்தலும் திட்டலுமாய் எல்லாம் வெளியே வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ரிப்பேர் பார்த்த வேனை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான். முன்சீட்டில் அண்ணன். வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். இடித்த பிறகு நிறுத்தவில்லை. யார் இடித்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. சாகிற வரை வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

"நேத்து மாடிக்குப் போறேன்... பலகையில அது! அந்த வளைவு... அந்த வண்டி... கீழ விழுந்தவன் கை... அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கான். அடுத்த வாரம் கண்காட்சியில ஊரைக் கூட்டிக் காட்டப் போறான்னு நினைச்சேன். 'என்னண்ணா இது?'ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்றான் சார்... 'நீ என்ன பாக்கறியோ, அதுதான்டா இது.' என்னையே மிரட்டறான்! பக்கத்துல கிடந்த துணியோட சேர்த்துப் பெட்டியை எடுத்தேன்... அடிச்சேன். படத்தை உருவி எடுக்கறதுக்குள்ள கீழ கேட் திறக்கிற சத்தம். போட்டுட்டுப் பின்பக்கமா குதிச்சிட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அது மிரட்டல் இல்லை. 'நீ என்ன பாக்கறியோ அதுதான்.' கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டாலும் அவள் புருஷன் அதைத்தான் சொல்வான். பேட்டி எடுக்க வந்தவர்கள் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். அவனுக்கு வேறு பதில் தெரியாது. வரைந்தது அவனாக இருந்தால்தானே தெரியும்!

எத்தனையோ நாள் அவனை வெறுத்திருக்கிறாள். தன் பெயரைத் திருடினவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். அந்தத் திருட்டை மறைப்பதற்காகச் சொன்ன ஒரு வரிக்கு அவன் உயிரைக் கொடுத்துவிட்டான். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள்.

"அந்த ஆக்சிடென்ட் பத்தி உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஏதாவது...?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். இப்பதான் கேக்கறேன்."

கான்ஸ்டபிள் கொழுந்தனைத் தூக்கி நிறுத்தி விலங்கு மாட்டினார். வாசல்படி வரை போனவன் நின்றான். திரும்பினான். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தது.

"அண்ணி..." குரல் உடைந்திருந்தது. "உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னா... அப்போ அது என்ன? அந்த வண்டி? அந்தக் கை?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கரி ஈஷிக்கொண்டது.

"வண்டியும் இல்ல, கையும் இல்ல தம்பி. நேத்து புதுசா கரி வாங்கினேன். நல்லா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்தேன்."

அவனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"எழுதுது."