பில்லில் வேறு பெயர்

செத்துப்போனவனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

தரணி கையிலிருந்த இரும்புக் குழாயைக் கீழே போட்டான். துணி ரோல் சுற்றுகிற குழாய். முனையில் ரத்தம்...

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஈ காக்கை கிடையாது. தரணியின் பனியன் கம்பெனியில் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. கட்டிங் டேபிளுக்கு அடியில் ஜெயபாண்டி மல்லாந்து கிடந்தான். ஐந்து வருஷக் கூட்டாளி!

போன் நின்றது. மறுபடி அடித்தது. திரையில் 'வேல்விழி'.

ஜெயபாண்டியின் மனைவி. சோறு ஆறுகிறதே என்று கூப்பிடுகிறாள், பாவம்.

தரணிக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பின்னே? துணியைத் துண்டு வீணாகாமல் வெட்ட வழி காட்டும் சாஃப்ட்வேர். எழுதியது ஜெயபாண்டி. பணம் போட்டது தரணி. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. இந்த மாதம்தான் இன்டர்நெட்டில் விற்பனைக்கு விட்டார்கள். அந்த வேலை முழுக்க ஜெயபாண்டி கையில்.

காலையில் போர்ச்சுகல் கம்பெனி ஒன்று மெயில் அனுப்பியிருந்தது. 'உங்கள் சாஃப்ட்வேர் வாங்கினோம், பிரமாதம்' என்று. கூடவே பில்.

விற்றவர் என்ற இடத்தில் ஏதோ ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர்! அடியில் போர்ச்சுகல் நாட்டு வரி!

மொத்தமாக ஜெர்மன்காரனுக்குக் கைமாற்றிவிட்டான், துரோகி...

"அண்ணே, அவுக வித்துக் குடுக்குறவுகண்ணே... வரியெல்லாம் அவுகளே..." என்று, பில்லைக் காட்டிக் கேட்டதும் ஜெயபாண்டி ஆரம்பித்தான்.

முடிக்கவில்லை. தரணி முடிக்க விடவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தரணிக்கு அது அடியோடு போயிருந்தது.

பீரோவை உடைத்தான். குழாயைப் பாழுங்கிணற்றில் எறிந்தான். திருடன் வந்து போனான், அவ்வளவுதான்.

மாட்டினால் தூக்கு!

மறுநாள் மண்ணரையில் ஜெயபாண்டியின் வீட்டில் சாவு. வேல்விழி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"எனக்கு யாருமில்லண்ணே... அவுகளைக் கொன்னவனை நீங்கதாண்ணே கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

தரணி மெல்லக் கையை உருவிக்கொண்டான்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் சாரதாமணி அவனுடைய ஆபீஸ் அறைக்கு வந்தார்.

"பீரோவுக்குள்ள வெறும் நூல் சுத்துன கோனுதானுங்க இருக்குது. இதுக்குப் போயி ஒருத்தன் ஆளைக் கொல்லுவானுங்களா?"

தரணி தயாராக இருந்தான். பில்லை நீட்டினான்.

"அவங்கிட்ட ரொக்கம் இருந்திருக்குமுங்க மேடம். எங்க சாஃப்ட்வேரை எனக்குத் தெரியாம ஜெர்மன்காரனுக்கு வித்துப்போட்டானுங்க. எவனோ மோப்பம் புடிச்சு வந்திருப்பான்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"நேத்துதானுங்க மெயிலைத் தொறந்து பார்த்தேன். அவன் உசுரோட இருந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பனுங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாரதாமணி பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தப்பித்தோம்!

இரண்டு நாள் தரணி நிம்மதியாகச் சாப்பிட்டான். அதற்கு அடுத்த நாள் ஜீப் மறுபடி வாசலில் வந்து நின்றது.

"ஜெர்மனிக்குப் போன் பண்ணுனனுங்க," என்றார் சாரதாமணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "என்ற இங்கிலீஷும் அவங்க இங்கிலீஷும் கட்டிப் பொரண்டு, கடைசியில ஒரு வழியா வெளங்குச்சு. அவங்க உங்க சாஃப்ட்வேரை வாங்கவே இல்லீங்க."

"இல்லீங்களா?"

"அவங்க கடைக்காரங்க மாதிரிங்க. எந்த நாட்டுல எவன் கார்டுல பணம் கட்டுனாலும் அவங்க பேர்ல பில் போட்டு வாங்குவாங்களாம். அந்தந்த நாட்டு வரியை அவங்களே கட்டிருவாங்களாம். கமிஷன் போக மிச்சம் செஞ்சவங்களுக்கு. போர்ச்சுகல் வரி ஆபீசுக்கு நீங்க நடையா நடக்க முடியுமுங்களா?"

தரணி நாற்காலி நுனிக்கு வந்தான்.

"அந்த மிச்சம்... எங்க போவுதுங்க?"

"மாசக் கடைசியில வருமாம். உங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியுங்கற கம்பெனி அக்கவுண்டுக்கு. ஜெயபாண்டி அப்படித்தான் பதிஞ்சு வெச்சிருக்காரு. ஒரு பைசா தொடலீங்க அவரு."

மண்ணரையில் கதறிய வேல்விழி தரணியின் கண்முன் வந்தாள். ஒரு பாவமும் அறியாதவனை... தங்கமான மனுஷனை...

நெஞ்சு வெடித்து, வாய் தானாகத் திறந்தது.

"அய்யோ... இதையேதானுங்க அவனும் சொன்னான்..."

சாரதாமணி நிமிர்ந்தார்.

"எப்பங்க சொன்னாரு?"

தரணி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"செத்ததுக்கப்புறந்தான் பில்லையே பார்த்தேன்னு சொன்னீங்க. ஒரு வார்த்தை கேக்க முடியலைன்னு கண்ணு வேற கலங்குனீங்க. செத்தவரு எந்திரிச்சு வந்து சொன்னாருங்களா?"

தவளை தன் வாயால் கெட்டது. தரணி மேஜையில் முகம் கவிழ்ந்து அழுதான். இந்த முறை நடிப்பில்லை.

"பில்லுல வேற பேரு இருந்துதுங்க மேடம்... அதனாலதான்..."

"உங்க கம்பெனியில தெக்கிற பனியன் கழுத்துல யாரு பேருங்க இருக்குது? வெள்ளைக்காரன் கடைப் பேருதானுங்களே? நீங்க தெச்சது இல்லைன்னு ஆயிருங்களா?"

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். சாரதாமணி எழுந்து, வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டினார்.

"ஏறுங்க தரணி. வண்டியில எங்க பேருதான் எழுதியிருக்கும்... சவாரி உங்களுதுதானுங்க!"