மூட்டையில் தெளித்த தண்ணீர்

"சாவியைத் தூக்கிக் குடுத்துட்டு உங்கம்மா வீட்டுக்கே போயிடு! இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வாயைத் திறக்கவே இல்லை. டீ குடிக்க மட்டும் திறந்தான்!

தரகனிடம் மிளகாய் வற்றலை அடிமாட்டு விலைக்குக் கொட்டிக் கொட்டி அலுத்துப்போன தெரு அது. எல்லா வீட்டு வற்றலையும் ஒரே கிடங்கில் சேர்த்து, நேரே மசாலாக் கம்பெனிக்கு விற்கலாம் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சங்கம் ஆரம்பித்தவள் இந்த மருமகள்தான். கிடங்குச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. நேற்று கம்பெனிக்காரர் வந்து மூட்டையைப் பிரித்தால், உள்ளே பூஞ்சணம்! எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள் என்று சொல்லி, மொத்தச் சரக்கையும் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

தெளித்தவன் அவள் புருஷன். தரகனுக்குப் போடும்போது எல்லாரும் செய்கிற வேலைதான். அவன் தராசில் திருடுவான், இவர்கள் தண்ணீரில் ஈடுகட்டுவார்கள். அவன் மறுநாளே மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடுவதால், பிறகு அது என்ன ஆனது என்று இவர்கள் யாரும் பார்த்ததில்லை. சங்கத்துக் கிடங்கிலோ லோடு சேரும்வரை சரக்கு கிடந்தாக வேண்டும். பழைய கைப்பழக்கத்தில் புருஷன் தெளித்துவிட்டான், பாவி! அவன் முழித்த முழியிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "வெளிய சொல்லிடாதடி... மானம் போயிடும்..." அவளும் சொல்லவில்லை. இவனுக்கு இருந்தால் மானம், அவளுக்கு இருந்தால் அது என்னவாம்?

வாசலில் கூட்டம் வந்து நின்றது. முன்னால் நின்றவள் எதிர்வீட்டு அக்கா. சங்கத்தில் முதலில் சேர்ந்தவளும் அவள்தான்.

"உன்னை நம்பித்தானேடி தரகனைப் பகைச்சுக்கிட்டேன்! எம் புள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே... சாவியைக் குடு!"

மருமகள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

"நல்லா கேளுங்கம்மா!" என்று மாமியார் எடுத்துக்கொடுத்தாள். "என் புள்ளை தலையில இந்தத் திருட்டுக் கழுதையைக் கட்டி வெச்சாங்களே..."

அதையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

"சங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று எதிர்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கடி, தரகன் காலுலயே போய் விழுவோம். அவன் குடுக்கிறதைக் குடுக்கட்டும்."

கூட்டம் திரும்பியது. அப்போதுதான் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "இன்னும் எவ்வளவு நேரம் டீ குடிப்பீங்க?"

தெருவே நின்றுவிட்டது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அம்மா... தண்ணி தெளிச்சது நான்தான்மா..."

பளார்! மாமியாரின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. "அவ ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கிறா, நீ கல்லு மாதிரி உக்காந்திருந்தியேடா! உன்னையும் ஒரு புள்ளைன்னு பெத்தேனே!" திரும்பி மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் நாக்கு அழுகிப் போகட்டும் தாயி... நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மருமகளுக்கும் கண்ணீர் கொட்டியது. ஆனால் குரல் உடையவில்லை.

"உங்க புள்ளைக்காக வாங்கிக்கிட்டேன் அத்தை. அதுக்காக இவங்க புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

எதிர்வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டு சாவியை நீட்டினாள். "தப்பாப் பேசிட்டேன்டி... நீயே வெச்சுக்க."

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. போய்க் கிடங்கைத் திறங்க. இவர் உக்காந்து ஒவ்வொரு வத்தலா நல்லது கெட்டது பிரிக்கட்டும். தேறுறதை எடுத்துக்கிட்டு நான் கம்பெனிக்குப் போறேன். நடந்ததையும் நானே சொல்றேன்."

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தான். "நீயும் கிடங்குக்கு வரியா?"

"வருவேன். உங்க பக்கத்துல மட்டும் உக்கார மாட்டேன்."

சொல்லிவிட்டு எதிர்வீட்டு அக்காவோடு தெருவில் இறங்கி நடந்தாள்.