உப்பளத்துக்குப் போன மக்ரூன் கடை

அருணாசலவடிவின் வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை. ஒரு தட்டு மக்ரூனை அதன் மேல் வைத்திருந்தால் பொன்னிறமாக வெந்து, டப்பாவில் அடைக்கத் தயாராகியிருக்கும்.

காரணம், தெருமுனையில் நின்ற பெங்களூர் சுற்றுலா பஸ். அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். துறைமுகத்துக்கு வரும் பத்துக் கப்பலைக் கவிழ்த்தாலும் அத்தனை பேர் தேற மாட்டார்கள். எல்லோரும் போனைப் பார்த்தபடியே நேராக எபனேசர் அண்ணாச்சியின் மக்ரூன் கடைக்குள் போனார்கள்.

அண்ணாச்சியின் மகன் டெரன்ஸ் வாசலில் நின்று டப்பாக்களை நீட்டிக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்பில் வடிவுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன். கியர் வைத்த புது சைக்கிள் வைத்திருப்பவன். அந்த சைக்கிளின் மணியைத் தேவையே இல்லாமல் அடிப்பவன்.

"ஏளா வடிவு, இன்னைக்கும் பஸ்ஸு வந்திருக்கு, பாத்தியா?" என்றான்.

பார்க்காமல் எங்கே போவது? அந்தத் தெருவுக்குள் ஐம்பது அடி நடந்தால் வடிவின் வீட்டுக் கடை. அங்கேயும் மக்ரூன்தான். அவள் அப்பா மந்திரமூர்த்தி முந்திரிப் பொடியையும் சீனியையும் முட்டையின் வெள்ளையையும் அடித்துப் பிழியும் கூம்புகள் கலங்கரை விளக்கம்போல நிமிர்ந்து நிற்கும். ஆனால் உள்ளூர்க்காரர் நாலைந்து பேரைத் தவிர வாங்கத்தான் ஆள் இல்லை. போனில் இருக்கிற பெரிய மேப்பின் கணக்குப்படி, அந்தக் கடை தெருவிலேயே இல்லை. ஊருக்கு வெளியே, உப்பளத்தின் நடுவில் இருந்தது.

அது பாலகணேஷ் மாமாவின் கைங்கரியம். மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே, அக்கா வீட்டுக் கடையை மேப்பில் சேர்க்க உட்கார்ந்தார். 'உங்கள் கடை எங்கே இருக்கிறது?' என்று மேப் கேட்டது. மாமா 'நான் இருக்கும் இடம்' என்ற பட்டனைத் தட்டிவிட்டு மோர் குடித்தார்.

அன்றிலிருந்து மக்ரூன் தேடியவர்கள் உப்புத் தண்ணீரில் முழங்கால் நனைய நின்றார்கள். ஒரு குடும்பம் வெள்ளை வெளேரென்று கூம்பாக நின்ற உப்புக் குவியலை மூன்று முறை சுற்றி வந்து, இந்த ஊர் மக்ரூன் இவ்வளவு பெரிதா என்று வியந்து, நக்கியே பார்த்துவிட்டதாம். பிறகு மேப்பில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, 'ரொம்ப உப்பு' என்று எழுதிவிட்டுப் போனது.

வடிவு பதினேழு முறை திருத்தம் அனுப்பினாள். பதினேழு முறையும் 'ஏற்க இயலவில்லை' என்று பதில் வந்தது. பேசலாம் என்றால் போன் நம்பர் கிடையாது. கடைசியில், மேப் காட்டும் இடத்தில் கடையின் பெயர்ப்பலகை தெரியும்படி வீடியோ அனுப்பச் சொன்னது.

மாமா உற்சாகமாகப் பலகையைக் கழற்றி, தலையில் தூக்கிக்கொண்டு, அது காட்டிய உப்பளத்துக்கே போய் வீடியோ எடுத்து அனுப்பினார். உடனே பதில் வந்தது. 'நன்றி. உங்கள் கடை உப்பளத்தில்தான் இருக்கிறது என்பது உறுதியானது.'

அன்று சாயங்காலம் அப்பா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். அரைப்பரீட்சை முடிந்ததும் கடையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய், பெரியப்பாவின் மளிகைக் கடையில் நின்றுகொள்ளலாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடம், கடல், சண்டை போட டெரன்ஸ், எதுவும் இருக்காது.

வடிவு போனை எடுத்தாள். எபனேசர் அண்ணாச்சியின் கடைப் பக்கத்தைத் திறந்தாள். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். வானத்தில்கூட அத்தனை இல்லை. கீழே ஒரு கேள்வி இருந்தது. 'இந்தக் கடை மூடப்பட்டுவிட்டதா?'

வயிறு குபீரென்று பற்றியது. 'ஆம்' என்று தட்டிவிட்டாள்.

வழக்கம்போல மறுக்கும் என்றுதான் நினைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'நன்றி. உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது.' உண்மையைப் பதினேழு முறை சொல்லியும் கேட்காத மேப், பொய்யை ஒரே தட்டில் நம்பிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பஸ் வந்தது. தெருமுனையில் வேகம் குறைந்தது. ஜன்னலோரம் இருந்தவர் போனைப் பார்த்து, கடையை மூடிவிட்டார்களாம் என்றார். கதவை அகலத் திறந்துவைத்து, சிரித்த முகத்தோடு அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

அதற்கடுத்த பஸ்ஸும் போனது. கடல் காற்று பட்டு, தட்டு தட்டாக மக்ரூன்கள் நமத்துப்போயின. டெரன்ஸ் சைக்கிள் மணி அடிக்கவில்லை.

இப்போது வடிவின் வயிறு எரியவில்லை. கல்லைக் கட்டிவைத்ததுபோல் கனத்தது. செய்த திருத்தத்தை நீக்கச் சொல்லி எழுதிப் பார்த்தாள். பரிசீலிக்க முப்பது வேலை நாள் ஆகும் என்றது மேப்.

மறுநாள் பள்ளி விட்டதும் டெரன்ஸின் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"டெரன்ஸ், உங்க கடைய மூடியாச்சின்னு மேப்புல போட்டது நாந்தான்."

அவன் சைக்கிளை விட்டு மெல்ல இறங்கி ஸ்டாண்டு போட்டான். அதற்குள் துறைமுகத்தில் நான்கு கப்பலில் சரக்கை இறக்கியிருக்கலாம்.

"எதுக்குளா அப்படிச் செஞ்ச?"

"பொறாமை. உங்க பஸ்ஸு, உங்க நட்சத்திரம், எல்லாத்து மேலயும். அந்த சைக்கிள் மணி மேலயும்."

டெரன்ஸ் தரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "எங்கப்பா டெய்லி உங்க கடைத் தட்ட எட்டிப் பாத்துட்டுதான் வேலைய ஆரம்பிப்பாரு. எங்க கூம்பு ஒரு பக்கமாச் சாயும். உங்கப்பா கூம்பு சாயவே சாயாது. அதப் பாத்து வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பொருமுவாரு."

வடிவுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை. டெரன்ஸே முதலில் சிரித்துவிட்டான்.

"செஞ்சது செஞ்சிட்ட. எப்படிச் சரி பண்ணப் போற?"

அவள் அதை ராத்திரியே யோசித்துவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வகுப்பில் இன்னொரு மேப்பைப் பார்த்திருந்தார்கள். அதற்கு முதலாளி கிடையாது. அந்தந்த ஊர்க்காரர்களே வரைவது, யார் வேண்டுமானாலும் இலவசமாக அச்சடித்துக்கொள்ளலாம். அதில் அவர்கள் தெரு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"வெளியூர்க்காரங்க அந்த மேப்ப எங்க போயிப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டான் டெரன்ஸ்.

"மக்ரூன் டப்பாவுக்குள்ள."

மக்ரூனின் கூம்பு உடையாமல் இருக்க, டப்பா மூடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைப்பது எல்லாக் கடைகளிலும் வழக்கம். தூத்துக்குடியில் ரயில் ஏறுகிறவர்கள் சொந்தக்காரர்களுக்கு மக்ரூன் டப்பா வாங்காமல் ஏற மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் மேப் பார்த்தா கடைக்கு வருகிறார்கள்? தாளில் மேப்பை அச்சடித்துவிட்டால், அவர்கள் வாங்கும் டப்பாவில் அது ஊர் ஊராகப் போகும்.

முதலில் இருவரும் போய் எபனேசர் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. பெரிய மேப்பைத் திட்டினார், வடிவைத் திட்டினார், எதற்கும் இருக்கட்டும் என்று டெரன்ஸையும் சேர்த்துத் திட்டினார். பிறகு டப்பாவுக்கான தாள் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

வடிவு பாலகணேஷ் மாமாவைக் கையோடு இழுத்து வந்தாள். "மாமா, இந்தத் தடவை இங்கன நின்னு பட்டனத் தட்டுங்க" என்று தெருவிலேயே நிற்கவைத்தாள். அந்தப் புது மேப்பில் அவர் பெயரில் கணக்குத் திறந்துதான் வரைந்தார்கள். முதலில் தெரு. அடுத்து, அவள் சொன்னபடி, எபனேசர் அண்ணாச்சியின் கடை.

அதோடு போதும் என்று வடிவு எழுந்துவிட்டாள். டெரன்ஸ் அவளைத் திரும்ப உட்காரவைத்தான்.

"உங்க கடைய எவன் வரைவான்? அதையும் போடு. கூம்பு சாயாமப் போடு."

மேப்பைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒரே வாரத்தில் அது சென்னை போனது, கோவை போனது. நிலாவுக்கு ரயில் இருந்திருந்தால் அங்கேயும் போயிருக்கும். அதிலிருந்து நான்காவது சனிக்கிழமை ஒரு பஸ் தெருமுனையில் நின்றது. இறங்கியவர்களின் கையில் மக்ரூன் வாசம் வீசும் தாள்கள். பாதிப் பேர் அண்ணாச்சி கடைக்குள் போனார்கள். மீதிப் பேர் தாளைப் பார்த்துக்கொண்டே தெருவுக்குள் நடந்து வந்தார்கள். மந்திரமூர்த்தி முட்டை அடித்த வேகத்தில் தெருவே அதிர்ந்தது.

பெரிய மேப்பும் ஒருநாள் கண்விழித்தது. அண்ணாச்சியின் கடை திறந்திருப்பதாக ஒப்புக்கொண்டது. வடிவின் கடையை உப்பளத்திலிருந்து எடுத்து, நடுக்கடலில் வைத்தது.

"பரவால்ல, மீனுக்கும் ரெண்டு டப்பா எடுத்து வைப்போம்" என்றார் அப்பா.

சென்னைக்குப் போக இறக்கிய பெட்டி கடை மூலையிலேயே இருக்கிறது. அதற்குள் நிறைய மேப் தாள்கள்.

தெருமுனையில் மறுபடி சைக்கிள் மணி அடித்தது. "ஏளா வடிவு, இன்னைக்கு எங்களுக்கு ரெண்டு பஸ்ஸு."

வடிவின் வயிறு லேசாகச் சுட்டது. முன்னைப்போல் ஒரு தட்டு வேகாது. ஒரே ஒரு மக்ரூன் வேகும், அவ்வளவுதான்.