புதன்கிழமை வெங்காயம்

மழை என்றால் அப்படி ஒரு மழை. மலேசியாவின் கூலாய் கடைத்தெரு மொத்தமும் அதில் நனைந்து நின்றது. தன் உணவகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜுனைத், வழியிலிருந்த ஒரு தையல் கடைக்கு ஓடி அதன் மாடிப்படியில் ஒதுங்கினான். சுவரோரம் சாய்ந்திருந்த குடையைப் பார்த்ததும் தலை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

ஊதாப்பூ போட்ட குடை. கைப்பிடியில் அவனே சுற்றிக் கொடுத்த சிவப்பு டேப். அம்மாவின் குடை... இன்று புதன்கிழமை வேறு!

புதன்கிழமையானால் அம்மா மீரா பீவி, உணவகத்திலிருந்து ஒரு பை சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுவார். வெங்காயம் உரித்துத் திரும்பி வரும். அம்மாவின் கண்கள் சிவந்து திரும்பி வரும். எங்கே போனீர்கள் என்றால் சிநேகிதி வீடு என்பார். எந்தச் சிநேகிதி என்றால் அவருக்குக் காது கேட்காது.

ஆக, அம்மா இங்கே யாருக்கோ கூலிக்கு வெங்காயம் உரிக்கிறார், அதோடு சேர்த்துத்தான் நம் பையும் உரிந்து வருகிறது! ஊருக்கே சோறு போட்ட அத்தா ஜெய்னுலாபுதீனின் மனைவி! அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டிரண்டு படியாகத் தாவி, மேலே இருந்த கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. ஐயோ, அந்தக் கண்கள்...

கையில் பாதி உரித்த வெங்காயம். கன்னத்தில் வழியும் கண்ணீர். நழுவிய இளம்பச்சை முக்காட்டை முழங்கையால் ஏற்றிவிட்டபடி ஒரு பெண் நின்றாள். மழை வெளியே பெய்கிறதா, இந்தக் கண்களிலா என்று அவனுக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

"எங்கம்மாவ வச்சு வேலை வாங்குறீங்களா? எவ்ளோ கூலி தர்றீங்க?"

அவள் அசரவில்லை. "இங்க யார் வர்றாங்க, வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லங்க."

"குடை கீழ இருக்கு."

"மழைக்காலம்... ஊரெல்லாம் குடைதான்."

இவ்வளவு அழகாக யாரும் அவனிடம் பொய் சொன்னதில்லை. பொய்கூட இல்லை, அதுதான் எரிச்சல். அவன் அடுத்து என்ன கேட்டிருப்பானோ, அதற்குள் அவள் தோளுக்குப் பின்னால் மீரா பீவி வந்து நின்றார்.

"நான் வேலை செய்ய வரலப்பா," என்றார். "அழ வர்றேன்."

திரும்பி வரும்போது ஒரே குடைக்குள் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் ஆப்ரின். மனநலச் சிகிச்சையாளர். தமிழ்நாட்டு அதிராம்பட்டினத்திலிருந்து படிக்க வந்தவள், படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்டாள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைத்தால் பைத்தியக்கார டாக்டர் என்று ஊர் சொல்லும், ஒருவரும் படியேற மாட்டார்கள். வந்த பெண்களும் முதலில் சோபா நுனியில் உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுந்து போனார்களாம். ஆப்ரின் சோபாவை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரித்தாள். வீட்டு வேலை ஏதாவது கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்வோம் என்றாள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறந்தது. வெங்காயம் என்றால் இன்னும் வசதி, ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"வீட்டுல அழக்கூடாதாம்மா?" என்றான் ஜுனைத்.

"அத்தா பேர எடுத்தாலே நீ டிவிய போட்டுடுவ. அம்மா மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு... நான் வேற எங்கதான்பா போவேன்?"

அத்தா மௌத்தாகி மறைந்ததிலிருந்து அம்மாவைச் சிரிக்க வைப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் அவர் வாயைத்தான் அடைத்திருக்கிறான்.

மறுநாளே மன்னிப்புக் கேட்கப் போனான், பாக்கெட்டில் கட்டிய சுடச்சுட தே தாரிக் டீயோடு. அடுத்த வாரமும் போனான்.

"அதான் மன்னிப்பு கேட்டுட்டீங்களே?"

"அது கூலி கேட்டதுக்கு. இது குடையப் பத்திப் பேசுனதுக்கு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். பாதிதான் விழுங்க முடிந்தது.

புதன்கிழமை மட்டும் அவன் வரவே மாட்டான். அது அம்மாவின் நாள். மற்ற நாட்களில் இரண்டிரண்டு படியாய்த் தாவும் அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஆப்ரினின் நெஞ்சும் கூடவே தாவியது. இதற்கெல்லாம் அவள் படித்த புத்தகங்களில் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. ஒன்றும் உதவவில்லை. படித்ததெல்லாம் எங்கடி போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்வாள்.

ஒருநாள் வாசற்படியில் நின்றபடியே தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் வாப்பா இதே மலேசியாவில், பொந்தியானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர், ஊருக்கு எப்போதோ ஒருமுறை வருவார். அவரைப் பற்றிக் கேட்டால் உம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். வெங்காயம் ரொம்பக் காரம் என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

"இங்க வந்து படிச்சப்பதான் யோசிச்சேன்," என்றாள் ஆப்ரின். "எங்க வீட்டுல அவ்ளோ வெங்காயம் சமைச்சதே இல்ல."

ஜுனைத் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டான். அம்மாவை உங்கள் வீட்டாரிடம் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது... வந்த வேகத்தில் அணைந்தது.

"வேணாங்க. என்கிட்ட மனசு விட்டுப் பேசுறத அவங்க ஒரு மருமககிட்ட பேச முடியுமா? அவங்களுக்கு அழ இருக்கிறது இந்த ஒரு இடம். அத நான் எடுத்துக்க மாட்டேன்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் அவன் காலடிச் சத்தம் கேட்காதே.

சில நாட்கள் கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். அம்மா வெங்காயம் பொறுக்கிப் பையில் போடுவதைப் பார்த்த ஒரு காலையில்தான் அவனுக்கு உறைத்தது. அவள் தன்னைத் தள்ளிவிடவில்லை. தன் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த ஒரே இடம்தான் என்று ஆனது யாரால்?

மறுநாள் சமையல்கட்டுக்குக் கத்தியோடு போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு வெங்காயத்தை எடுத்தான்.

"அத்தாவுக்கு என் மேல கோபம் இருந்துச்சாம்மா?"

மீரா பீவியின் கை நின்றது. பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அன்று மதியக் குழம்பு தாமதம். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். சமையல்கட்டில் அம்மாவும் மகனும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அது தினமும் நடந்தது.

ஆப்ரினோ மழை பெய்தால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை மீரா பீவி வெங்காயப் பையில்லாமல் குடையோடு மட்டும் வந்தார்.

"இப்பல்லாம் வீட்டுலயே உரிக்கிறோம்மா, நானும் என் மகனும். இனி தேவைப்பட்டா ஜோகூர் பாருல உன்ன மாதிரியே வைத்தியம் பாக்குற உன் தோழி லோஷினிகிட்ட போய்க்கிறேன். உன்கிட்ட வர மாட்டேன்." ஆப்ரினின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். "நீ எனக்கு வேற உறவா வேணும்."

ஆப்ரின் அவசரமாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

சாயங்காலம் மறுபடி மழை. படியில் காலடிச் சத்தம்... தாவவில்லை. ஒவ்வொரு படியாக, தயங்கித் தயங்கி வந்தது. வாசலில் ஜுனைத், சொட்டச் சொட்ட நனைந்து, கையில் ஒரு பையோடு நின்றான்.

"ஏற மாட்டேன்னு சொன்னீங்க?"

"அம்மா குடைய விட்டுட்டாங்களாம். எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

மூலையில் ஊதாப்பூக் குடை சாய்ந்திருந்தது. மறந்து விட்ட குடையாகத் தெரியவில்லை. இருவருக்கும் அது புரிந்தது, இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அவன் பையைப் பாயின் மேல் வைத்தான். உள்ளே வெங்காயம்.

"அம்மாவுக்கு இப்ப வீட்டுல இடம் இருக்கு. உங்களுக்கு? கடல் தாண்டி வந்து ஊர் அழுகையெல்லாம் கேக்குறீங்க. நீங்க எங்க போய் அழுவீங்க ஆப்ரின்?"

இந்த மண்ணுக்கு வந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான். "அம்மா உங்ககிட்ட வந்ததால, உங்க தொழிலுக்கு எவ்ளோ நாள் தள்ளி நிக்கணுமோ நிக்கிறேன். அழணும்னு தோணுறப்ப மட்டும் கூப்பிடுங்க. எதிர்ல உக்காந்து உரிக்கிறேன்."

சொல்லிவிட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெரிய கண்கள் நிறைந்து தளும்ப, கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"இன்னும் உரிக்கவே இல்லையே லா," என்றான் ஜுனைத் பதறிப்போய்.

"தெரியும்," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இது வெங்காயத்தால இல்ல. உங்களாலதான்."