செல்போன் கேட்காத கேள்வி

துளசாவுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தொழிற்சாலையில் கோழித் தொடையிலிருந்து எலும்பை உருவியெடுத்த கை அது. இடது கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டே செல்போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். போன் குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளைக் கேட்டது. சரியான பதிலுக்குக் கைதட்டியது.

"கைதட்டு வாங்கினாப் போதுமா? இன்னைக்கு அதிகாரி முன்னால உளறாம இரு," என்றார் கணவர் கர்ணபகதூர்.

அவர் போன வருடமே தேறி அமெரிக்கக் குடிமகன் ஆனவர். அவர் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்த காலத்தில் துளசா சனி ஞாயிறும் தொழிற்சாலையில் நின்றாள். அவளுக்கு வாத்தியார் இந்தப் போன்தான்.

பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாள முகாமில் பாதி ஆயுளைக் கழித்து, அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகருக்கு வந்த குடும்பம். மகள் மேனுகாவை நேபாளத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு கரு கலைந்து, இப்போது மாசமாக இருக்கிறாள். "பிரசவத்துக்கு நீ வரணும்மா" என்று போனில் அழுகிறாள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவளுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பார்கள்? துளசா இன்று தேறியாக வேண்டும்.

மதியம் மருமகள் பினிதா காரில் திரும்பக் கூட்டிவந்தாள். துளசாவின் கையில், தேறவில்லை என்ற தாள்.

"கோழி வெட்டத்தான் லாயக்கு," கர்ணபகதூர் ஆரம்பித்தார். "பொண்ணு அங்க தனியாக் கெடந்து துடிக்கட்டும்..."

துளசாவின் கண் நிறைந்தது.

"எல்லாக் கேள்வியும் தலைகீழாச் சொல்வீங்களே அத்தை. எதுல விட்டீங்க?" என்றாள் பினிதா.

"அதெல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் என் விண்ணப்பத்தை எடுத்து வச்சிக்கிட்டு... புருசன் பேர் என்னன்னு கேட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"பேப்பர்ல இருக்குன்னேன். உன் வாயால சொல்லுன்னாரு. மேனுகாவோட அப்பான்னேன். அவருக்குப் பேர் இல்லையான்னாரு. இருக்கு, நல்ல பேர்தான்னேன்."

பினிதா சிரிப்பை அடக்கச் சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி, இவளுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று எழுதிவிட்டார். போன் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பதிலும் அதற்குத் தெரியாது.

துளசா கணவரைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு உங்கம்மாதான் சொன்னாங்க, புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு. முப்பது வருசமா உங்க ஆயுசை நான்தான் காப்பாத்திட்டு வர்றேன். நீங்க பிரஷர் மாத்திரையக்கூட ஒழுங்காப் போடல."

கர்ணபகதூர் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்து, அவளுடைய வீங்கிய கையை எடுத்து அதில் வைத்தார். துளசா பயந்துபோனாள்.

மறுதேர்வுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவரை தினமும் சாயங்காலம் கோட் மாட்டிக்கொண்டு அவரே அதிகாரியாக உட்கார்ந்தார்.

"உன் கணவர் பெயர்?"

"க..." என்பாள். இருமல் வந்துவிடும்.

"சொல்லித் தொலை. நான் சாகமாட்டேன்."

"உங்களுக்கென்ன தெரியும்?"

மறுதேர்வில், அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் "கர்ணபகதூர் கட்கா" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. தேறினியா?"

"தேறிட்டேன்."

இரண்டு பக்கமும் அழுகைதான் கேட்டது.

மேனுகாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது துளசா பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் நின்றாள்.

"மாத்திரை போட்டுக்கிறேன். நீ பத்திரமாப் போயிட்டு வா, மேனுகாவோட அம்மா," என்றார் கர்ணபகதூர்.

துளசா கொஞ்சம் காத்து நின்றாள். அவர் பையைத்தான் நீட்டினார்.

அவர் பேரை அவள் சொல்லிவிட்டாள். துளசா என்று அவர் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவர் தன் தேர்வில் அதிகாரியிடம் அவள் பேரைச் சொன்னது கணக்கில் சேராது. அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது.